லோக்தா தாளில் கருடனும் பனிச்சிங்கமும்: எழுதவா, எடுத்து வைக்கவா?

கேள்வி: பிப்ரவரி 2, காலை 9.40

காத்மாண்டு போய் வந்த நண்பர் ஒரு லெட்டர் பேட் கொடுத்தார். கையால் செய்த தாள். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு: கொம்பு முளைத்த கருடன், டிராகன், பிடரி சுருண்ட சிங்கம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது என்று உறையில் போட்டிருக்கிறது. ஆசையாக ஃபவுன்டன் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினேன். மை நாலாபக்கமும் ஓடிவிட்டது, பின்பக்கமும் ஊறிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்பதற்காகவே செய்த அலங்காரச் சரக்கு இது, எழுத லாயக்கில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 2, மதியம் 1.15

மறுக்கிறேன். பேனா செய்த வேலைக்குத் தாளைத் திட்டுகிறீர்கள்.

உங்கள் கையில் இருப்பது லோக்தா. இமயத்தின் தென்சரிவில், சுமார் 1,600 மீட்டரிலிருந்து 4,000 மீட்டர் உயரம் வரை, பெரிய மரங்களின் நிழலில் வளரும் புதர்ச்செடி. டாஃப்னே இனம். அதன் உட்பட்டை நார்தான் இந்தத் தாள். நேபாளத்தில் நிலப்பத்திரம், நீதிமன்ற ஆவணம், அரசு ஆணை, மடாலயச் சுவடி எல்லாம் காலம் காலமாக இதில்தான் எழுதப்பட்டன. அங்கே இதற்கு நேபாளிக் காகிதம் என்றே பெயர். முதல் சுற்றுலாப் பயணி வந்து இறங்குவதற்கு வெகு முன்பே ஓர் அரசாங்கம் இதில் எழுதிக்கொண்டிருந்தது.

மை ஓடியதற்குக் காரணம் எளிது. நாம் பழகிய மெஷின் தாளில், மை ஊறிப் பரவாமல் இருக்கக் கூழிலேயே ஒரு பொருளைச் சேர்த்துவிடுகிறார்கள். சாதாரண லோக்தாவில் அது கிடையாது. நாரும் நீளம், நாருக்கு நடுவே இடைவெளியும் அதிகம். தண்ணீராக இருக்கும் மை எந்த நாரைத் தொட்டாலும் அதன் வழியே ஓடும். பந்துமுனைப் பேனாவில் எழுதிப் பாருங்கள், ஓடாது. பென்சிலும் ஓடாது.

பிப்ரவரி 2, இரவு 10.05

இன்னும் கொஞ்சம் விவரம். என் மேஜையில் இருந்த பேனாக்களை எல்லாம் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஜெல் பேனாவில் நிறமித்துகள் கலந்த வகை நன்றாக நிற்கிறது. சாய மை வகை ஓரத்தில் லேசாக முடி முளைத்த மாதிரி ஆகிறது. மெல்லிய முனை எதுவும் வேண்டாம், நாரைக் கிளப்பி முனையில் பஞ்சு சேர்த்துக்கொள்ளும். தூரிகையும் கெட்டியான கரிமையும் வைத்து எழுதினால் இந்தத் தாள் எதற்காகப் பிறந்தது என்று புரிகிறது.

இரண்டு பக்கமும் ஒன்று கிடையாது. விரலால் தடவினால் ஒரு பக்கத்தில் துணியின் நெசவுத் தடம் தெரியும், மறுபக்கத்தில் நார் கொஞ்சம் எழும்பி நிற்கும். இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டு உங்கள் பேனாவுக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, காலை 7.30

துணித் தடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். தாள் உருவாகும் விதத்திலிருந்து வந்தது. அதை நேரில் பார்த்த பிறகு எனக்கு ஒரு தாளைக் கசக்கிப் போட மனம் வருவதில்லை.

மலைக்கிராமம் ஒன்றில் பார்த்தேன். செடியை வேரோடு பிடுங்க மாட்டார்கள். தரைக்குக் கொஞ்சம் மேலே வெட்டிவிட்டு அடியை விட்டுவிடுவார்கள், அது மறுபடி தழைக்கும். ஐந்து முதல் ஏழு வருஷத்தில் திரும்ப வெட்டலாம் என்கிறார்கள். பட்டையை உரித்து, மேலே இருக்கும் கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி, ஊறவைத்து, காரத்தில் வேகவைக்கிறார்கள். பழைய வழக்கம் விறகுச் சாம்பலை வடித்த காரநீர். இப்போது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. வெந்த பட்டையைக் கல்லில் போட்டு மரச் சுத்தியலால் அடிக்க அடிக்க, அது பட்டையாக இருந்ததை மறந்து பஞ்சாகிவிடும்.

அடுத்து நடப்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். அதற்குள் அளந்து ஒரு குவளைக் கூழை ஊற்றி, கையால் அலைத்து எல்லா மூலைக்கும் பரப்புகிறார்கள். நான் பார்த்த அம்மா விரல்களைத் தண்ணீரில் நடுங்கவிட்ட மாதிரி அசைத்தார். கூழ் முதலில் மேகம் மேகமாகத் திரண்டு நின்றது, பிறகு கலைந்து, சட்டம் முழுக்க ஒரே அளவான வெண்மையாகப் படிந்தது. சமமாகத் தூக்கினார், தண்ணீர் வடிந்தது, சட்டத்தோடு அப்படியே வெயிலில் சாய்த்து வைத்தார். காய்ந்த பிறகு ஒரு மூலையைக் கிளப்பி உரிப்பார்கள்.

கவனியுங்கள்: ஒரு தாள் காய்கிற வரை ஒரு சட்டம் அதற்கே சொந்தம். ஜப்பானில் ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட முடியும், அங்கே ஒரே அச்சில் நாள் முழுக்கத் தாள் எடுக்கலாம். இங்கே எத்தனை சட்டமோ, எவ்வளவு வெயிலோ, அத்தனை தாள்தான். மழைக்காலத்தில் வேலை படுத்துவிடும். வழக்கமான முழுத்தாள் அளவு ஏறக்குறைய 50 செ.மீ.க்கு 75 செ.மீ. அதை வெட்டித்தான் உங்கள் லெட்டர் பேட் வந்திருக்கிறது.

பிப்ரவரி 3, மாலை 6.50

"மரக்கட்டை அச்சு என்பது உண்மையா?" என்று கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். சரியான சந்தேகம். நேபாளத் தாளில் வரும் விலங்குப் படங்களில் பெரும்பகுதி ஸ்கிரீன் பிரிண்டிங். அதில் குற்றமில்லை, ஸ்கிரீனும் கையால் இழுப்பதுதான். ஸ்கிரீன் அச்சைக் கட்டை அச்சு என்று சொல்லி விற்பதுதான் குற்றம். ஒரு கடையில் எனக்கும் அப்படி விற்றார்கள். அங்கேயே ஒரு மரக்கட்டையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதில் செதுக்கியிருந்த டிராகனுக்கும் தாளில் இருந்த டிராகனுக்கும் நகங்களின் எண்ணிக்கைகூட ஒத்துப்போகவில்லை.

எப்படிப் பார்ப்பது? ஒரே விலங்கு உள்ள தாள்களாகப் பார்த்து மூன்று நான்கை வரிசையாக வையுங்கள். கட்டை அச்சென்றால் கட்டையின் காயங்கள் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும். உதாரணமாக, கருடனின் இடது சிறகில் ஒரு கோடு அறுந்திருந்தால் எல்லாத் தாளிலும் அங்கேயே அறுந்திருக்கும். ஆனால் மையின் அடர்த்தி தாளுக்குத் தாள் மாறும். ஒன்றில் வால் கறுத்திருக்கும், அடுத்ததில் வால் வெளுத்து மார்பு கறுத்திருக்கும். காயம் மாறாது, மை மாறும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நம்பலாம்.

அப்புறம் உருப்பெருக்கி வைத்துக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். கட்டை அழுத்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கும், அதனால் கோட்டின் நடுவைவிட விளிம்பு கறுப்பாக இருக்கும். பெரிய கறுப்புப் பரப்பு இருந்தால் மரத்தின் ரேகை மெல்லியதாகத் தெரியலாம். ஸ்கிரீன் அச்சில் மை தாளின் மேல் ஒரு தோல் மாதிரி ஒரே கனத்தில் உட்கார்ந்திருக்கும். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது மெஷினில் அடித்த ஆஃப்செட் அச்சு, மேலே பார்க்க வேண்டியதில்லை.

தாளைத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். கட்டை அச்சென்றால் முதுகில் தேய்த்த பளபளப்போ லேசான பள்ளமோ இருக்கும்.

பிப்ரவரி 3, இரவு 11.20

கேள்வி கேட்டவர் கருடன் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தாராம். கருடனின் அலகுக்குக் கீழே ஒரே வெட்டு, ஒவ்வொரு தாளிலும். மையும் ஏற்றத்தாழ்வாக இருக்கிறதாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது நிஜக் கட்டை அச்சு. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம், எழுதுங்கள்.

பிப்ரவரி 5, காலை 8.10

இனி விலங்குகள். உங்கள் பேடில் புலியும் இருக்க வேண்டுமே? கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம் நான்கும் ஒரு செட். இவை திபெத்திய காற்றுக்குதிரைக் கொடியிலிருந்து வந்தவை. மலைக் கணவாய்களில், ஸ்தூபிகளைச் சுற்றி, வரிசையாகப் படபடக்கும் ஐந்து நிறக் கொடிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நீலம் வானம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். கொடியின் நடுவில் முதுகில் தீச்சுடர் விடும் ரத்தின மணியைச் சுமந்து ஒரு குதிரை. நான்கு மூலையிலும் இந்த நான்கு விலங்குகள். வானத்தில் திரியும் கருடனும் டிராகனும் பெரும்பாலும் மேலே, தரையில் திரியும் புலியும் சிங்கமும் கீழே. சுற்றிலும் மந்திர எழுத்து.

நம் கருடனுக்கும் இந்தக் கருடனுக்கும் உறவு உண்டு, தோற்றம் வேறு. திபெத்தியக் கருடனுக்குக் கொம்பு உண்டு. அலகில் பாம்பைக் கவ்வி, இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்திருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே முழு வளர்ச்சியோடு வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

பனிச்சிங்கம்தான் எனக்கு உயிர். வெள்ளை உடல், பிடரியும் வாலும் நீலப்பச்சை. ஓவியத்தில் அந்த நிறமே பாதி வேலையைச் செய்துவிடும். ஒற்றை மையில் அச்சிடும் கட்டைக்காரனுக்கு நிறம் கிடையாது. எனவே பிடரியை முழுக்கச் சுருள் சுருளாகச் செதுக்கிவிட்டு, உடலை ஒரு கோடு கூட இல்லாமல் வெறுமையாக விடுகிறான். அந்த வெற்றுத் தாள்தான் பனி. லோக்தாவின் பழுப்பு கலந்த வெண்மையும் ஆங்காங்கே நிற்கும் பட்டைத் துணுக்கும் சிங்கத்தின் தோலாகிவிடுகின்றன. என்னிடம் உள்ள ஒரு தாளில், சரியாகச் சிங்கத்தின் தோளில் ஒரு பட்டைத் துணுக்கு விழுந்திருக்கிறது. செதுக்கியவன் நினைத்திருந்தாலும் அங்கே ஒரு மச்சம் வைத்திருக்க முடியாது.

பிப்ரவரி 5, காலை 8.25

விட்டுப்போனது: சில கொடிகளில் மூலையில் விலங்கின் படம் இருக்காது, பெயர் மட்டும் எழுதியிருக்கும். உங்கள் பேடில் எழுத்து மட்டும் உள்ள தாள் வந்தால் குழம்ப வேண்டாம்.

பிப்ரவரி 8, மாலை 4.00

ஒருவர் கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "தெய்வ விலங்கு அச்சிட்ட தாளில் மளிகை லிஸ்ட் எழுதலாமா?"

முதலில் 'எழுதலாம், தாள் எழுதத்தான்' என்று பதில் போட நினைத்தேன். இரண்டு நாள் ஆறப்போட்டேன். இப்போதும் எழுதலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் எந்தத் தாள் என்று பார்க்க வேண்டும்.

அந்த ஊர்க்காரர்களே இந்த அச்சுகளை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். காற்றுக்குதிரை அச்சிட்ட சின்னச் சின்னத் தாள்களைக் கட்டுக் கட்டாக எடுத்துப் போய், கணவாயின் உச்சியில் 'லா கியாலோ' என்று கூவிக் காற்றில் வீசுகிறார்கள். தேவர்களுக்கு வெற்றி என்று அர்த்தம். தாள் எங்கே விழுந்தாலும் சரி, பறந்ததே பிரார்த்தனை. கொடியும் அப்படித்தான், வெயிலிலும் மழையிலும் வெளுத்து நைந்து போக வேண்டும்.

காத்மாண்டு பள்ளத்தாக்கில் இன்னொரு வழக்கம். நாக பஞ்சமி அன்று வாசல் நிலைக்கு மேலே நாகர் படம் ஒட்டுவார்கள். ஒட்டுவதற்குச் சாணம். பாரம்பரியமாக இந்தப் படங்களைக் கட்டையில் அச்சிட்டு வண்ணம் தீட்டித் தருபவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களில் ஓவியக் குலமான சித்ரகார்கள். இப்போது மெஷினில் அச்சான படம்தான் கடைகளில் அதிகம், என்றாலும் ஒட்டும் வழக்கம் நிற்கவில்லை. வருஷம் முழுக்க வாசலில் புகையும் தூசியும் பட்டுக் கிழிந்து தொங்கும், அடுத்த பஞ்சமிக்குப் புதிது. பெட்டிக்குள் பூட்டி வைக்கும் பழக்கம் இரண்டிலும் இல்லை. ஒன்று பறக்கிறது, ஒன்று வாசலைக் காக்கிறது. ஆகவே கருடனோ டிராகனோ உள்ள தாளில் வாழ்வின் சாதாரண விஷயத்தை எழுதுவது அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

மந்திர எழுத்து உள்ள தாள் மட்டும் வேறு. திபெத்தியர்கள் எழுத்துள்ள தாளைத் தாண்டிப் போகக்கூட மாட்டார்கள், தரையில் வைக்க மாட்டார்கள், உட்காரும் இடத்தில் போட மாட்டார்கள். குப்பையில் எறியாமல் எரிப்பார்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' அச்சிட்ட தாளில் நான் மளிகை லிஸ்ட் எழுத மாட்டேன். அது கசங்கிப் பைக்குள் போய், கடைசியில் யார் காலிலோ கிடக்கும். அந்தத் தாளில் கடிதம் எழுதுவேன். கடிதத்தை வாங்குகிறவர் எடுத்து வைப்பார்.

பிப்ரவரி 9, காலை 6.45

நேற்று எழுதியதற்கு ஒருவரின் பதில்: "காற்றில் எறிந்தால் அதுவும் தரையில்தானே விழும், யாரோ மிதிப்பார்களே?" நியாயமான கேள்வி. மேலிருந்து விழுவதற்கும் நாமாகக் கீழே வைப்பதற்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு லாமாவிடம்தான் கேட்க வேண்டும். நான் தாள்காரன்.

பிப்ரவரி 9, இரவு 9.30

ஃபவுன்டன் பேனாவை விடமாட்டேன் என்று கேள்வி கேட்டவர் அடம்பிடிக்கிறார். சரி, வழி இருக்கிறது. பழைய சுவடிக்காரர்களும் மையில்தான் எழுதினார்கள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் தடிமனாக்கி, கஞ்சி பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். தேய்க்கும்போது எழும்பி நிற்கும் நார் படிந்துவிடும். கஞ்சி நாருக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துவிடும். அப்புறம் மை ஓட வழியில்லை.

வீட்டில் செய்வதென்றால் தண்ணீர் மாதிரி நீர்த்த கஞ்சி, அகலத் தூரிகை, ஒரே திசையில் ஒரு பூச்சு. கொடியில் தொங்கவிடாமல் கண்ணாடி மேல் படுக்கவைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேயுங்கள். அச்சு உள்ள இடத்தில் பூச வேண்டாம், எழுதும் இடத்தில் மட்டும் போதும். முதலில் ஓரத்தில் கிழித்த துண்டில் செய்து பாருங்கள், மை ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

பிப்ரவரி 10, காலை 7.15

கஞ்சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். லோக்தாவைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது என்பது அதன் பெரிய பெருமை. டாஃப்னே செடியே நச்சுச்செடி. கஞ்சி பூசியதும் நாமே பூச்சிக்கு விருந்து வைத்துவிடுகிறோம். பழைய காலத்தில் இதற்கும் ஒரு மருந்து வைத்திருந்தார்கள்: அரிதாரம் பூசுவது. நேபாளத்துப் பழைய சுவடிகளில் பளிச்சென்று மஞ்சள் தாள் பார்த்தால் அது அரிதாரம் பூசியது. அழகு ஒரு பக்கம், பூச்சி வராது என்பது இன்னொரு பக்கம். அரிதாரம் என்பது ஆர்செனிக் சேர்ந்த கனிமம், கடும் விஷம். வீட்டில் யாரும் முயல வேண்டாம். பழைய மஞ்சள் சுவடி கையில் கிடைத்தால் எச்சில் தொட்டுப் புரட்டவும் கூடாது.

நூறு வருஷம் இருக்க வேண்டிய எழுத்தென்றால் கஞ்சி பூசாத தாளில் நிறமி மையில் எழுதுங்கள். அக்காவுக்கு எழுதும் கடிதத்துக்கு நான் கஞ்சி பூசிக்கொள்கிறேன். அவள் அதை அரிசிப் பானைக்குள் வைத்தாலும் பூச்சி எட்டிப் பார்க்காது, அவ்வளவு கண்காணிப்பு.

பிப்ரவரி 14, மதியம் 2.40

கட்டை செதுக்குவது பற்றி எழுதச் சொன்னார்கள். நான் தொழில்முறைச் செதுக்குநன் இல்லை, ஆசைக்குச் செய்பவன்.

மெல்லிய தாளில் படம் வரைந்து, அதைக் கட்டை மேல் குப்புற ஒட்ட வேண்டும். பின்பக்கத்தை ஈரவிரலால் உருட்டி உருட்டி எடுத்தால் கோடு மட்டும் மரத்தில் தங்கும், இடவலம் மாறி. இனி கோட்டைத் தொடக் கூடாது, கோடு இல்லாத இடத்தையெல்லாம் எடுக்க வேண்டும். கோட்டின் இருபுறமும் கத்தியைச் சாய்த்துக் கீறி, அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் விட்டால்தான் கோடு அழுத்தத்தைத் தாங்கும்.

டிராகனின் மீசையில்தான் மரம் தன் குணத்தைக் காட்டியது. மரத்தின் ரேகையோடு ஓடும்வரை மீசை சொன்னபடி கேட்டது. வளைந்து ரேகைக்குக் குறுக்கே திரும்பும் இடத்தில், கத்தி தொட்ட மாத்திரத்தில் சின்னச் சிம்பாக உடைந்து தெறித்தது. அன்றிலிருந்து நான் எந்தக் கட்டை அச்சைப் பார்த்தாலும் முதலில் மீசையையும் பிடரியையும்தான் பார்ப்பேன். சுருள் எந்த இடத்தில் கனக்கிறது, எந்த இடத்தில் மெலிகிறது என்று பார்த்தால் கட்டையில் ரேகை எந்தத் திசையில் ஓடியது என்று ஊகிக்கலாம்.

திபெத்தின் கிழக்கே, இப்போது சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கும் தெர்கே அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். 1729-ல் தொடங்கியது, இன்றும் கையால் அச்சிடுகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள், பெரும்பாலும் இரண்டு முகத்திலும் எழுத்து. அச்சிடும்போது இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவர் கட்டையில் மை தடவ, மற்றவர் தாள் மேல் உருளையால் ஒரே இழுப்பு. அங்கே தாளுக்கு எடுப்பதும் ஒரு நச்சுச்செடியின் வேர்தான், அதையும் பூச்சி அரிக்காது. இமயத்தின் இரண்டு பக்கத்திலும் தாள்காரர்கள் விஷச்செடியைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14, மதியம் 2.55

அச்சிடும்போது தாளை லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த லோக்தாவின் மேடுபள்ளத்தில் பாதிக் கோடு பிடிக்காது. ஈரம் என்றால் சொட்டும் ஈரம் இல்லை, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும் அளவு.

பிப்ரவரி 15, இரவு 8.20

தாளை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். காத்மாண்டுக்குப் பக்கத்து ஊரான பக்தபூரில் ஞாதபோலா கோயில் இருக்கிறது. 1702-ல் மன்னர் பூபதீந்திர மல்லர் கட்டிய ஐந்து அடுக்குக் கோயில். படிக்கட்டின் இருபுறமும் காவல் சிலைகள்: கீழே இரண்டு மல்யுத்த வீரர்கள், அவர்களுக்கு மேல் யானைகள், அடுத்து சிங்கங்கள், அடுத்து அலகும் சிறகும் உள்ள சார்தூலங்கள், உச்சியில் சிங்கினி, பாகினி என்ற தேவியர். ஒவ்வொரு ஜோடியும் தனக்குக் கீழே உள்ள ஜோடியைவிடப் பத்து மடங்கு பலம் என்பார்கள். 2015 ஏப்ரல் பூகம்பத்தில் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவோ இடிந்தது, இந்தக் கோயில் நின்றது.

யானை, சிங்கம் இரண்டுக்கும் மேலே கற்பனை விலங்கை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். யாளியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். அந்தச் சார்தூலத்தை ஒரு நோட்டு அட்டையில் அச்சிட்டு வாங்கினேன், அதில் இதுவரை எழுதியது எல்லாம் கட்டடக் குறிப்பாகவே போய்விட்டது.

கலப்பு விலங்கு பிடிக்குமென்றால் இதையும் தேடுங்கள்: சிங்கமும் கருடனும் சேர்ந்த ஒன்று, மீனும் நீர்நாயும் சேர்ந்த ஒன்று, மகரமும் நத்தையும் சேர்ந்த ஒன்று. பிறவிப் பகையாளிகளை ஒரே உடலில் சேர்த்து, பகை தீர்ந்ததற்கு அடையாளமாகத் திபெத்தியர்கள் வெற்றிக் கொடியில் போடும் மூன்று விலங்குகள். சண்டை போட்டவரோடு சமாதானம் ஆக ஒரு கடிதம் எழுத வேண்டுமா, இந்த அச்சுத் தாளில் எழுதுங்கள். ரோமம் முளைத்த மீனைப் பார்த்ததும் எதிராளி சிரித்துவிடுவார், மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 20, காலை 10.10

"இவ்வளவு விலை ஏன்?" என்று வந்திருக்கிறது. 3ஆம் தேதி மரச்சட்டத்தைப் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள். பாதி பதில் அங்கே இருக்கிறது. மீதி பதில் காட்டில். பட்டைக்கு ஆள் மலையேற வேண்டும், சுமந்து இறங்க வேண்டும், வேகவைக்க விறகு வேண்டும்.

இந்தத் தொழில் ஒரு கட்டத்தில் மிகவும் மெலிந்துவிட்டது. மலிவான மெஷின் தாள் வந்தது, திபெத்து மடாலயங்களுக்குப் போன வியாபாரமும் அடைபட்டது. 1980களில் யுனிசெஃப் தன் வாழ்த்து அட்டைகளுக்கு லோக்தாவை எடுக்க ஆரம்பித்தது, பக்தபூரில் அச்சுக்கூடம் வந்தது, மலையில் மறுபடி சட்டங்கள் வெயிலுக்கு வந்தன. அதாவது உங்கள் லெட்டர் பேட் மாதிரிப் பொருள்தான் இந்தத் தாளை மீட்டது. முதல் நாள் நீங்கள் சொன்னதில் இந்த ஒரு பங்கு உண்மை: வெளியாருக்கு விற்பது இந்தத் தாளின் கதையில் உண்டு. அதைக் குறையாக நினைக்க எனக்கு மனமில்லை. வாங்க ஆள் இருந்தால்தான் அந்த அம்மாவின் விரல்களுக்கு வேலை.

லோக்தா என்ற பெயரில் பழைய தாள் கூழ் கலந்ததும் வரும். கிழித்துப் பாருங்கள். நல்ல லோக்தா சட்டென்று கிழியாது, கிழிந்த ஓரத்தில் நீள நீளமாக நார் நீட்டிக்கொண்டிருக்கும். கலப்படம் குட்டை நாரோடு பொசுக்கென்று கிழியும். கடைக்காரர் முன்னால் கிழிக்க வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே நார் தெரியும்.

அர்கேலி என்று இன்னொரு பட்டையிலும் அங்கே தாள் செய்கிறார்கள். அது லோக்தாவைவிட வெண்மை, வழவழப்பு. ஜப்பான் தன் யென் நோட்டுத் தாளுக்கு நேபாளத்திலிருந்து இந்தப் பட்டையை வாங்குகிறது. அர்கேலித் தாளில் அச்சு கூர்மையாக விழும். விலங்கு மட்டும் வேண்டுமென்றால் அது நல்லது. விலங்கும் தாளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமென்றால் எனக்கு லோக்தாதான்.

பிப்ரவரி 26, மாலை 5.35

கேள்வி கேட்டவர் டிராகன் தாளில் ஜெல் பேனாவால் நான்கு பக்கக் கடிதம் எழுதி முடித்தாராம். மை ஓடவில்லையாம். அதே தாளில் செய்த உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பலாம். உறை கிழியாது, நாரின் பலம் அப்படி. ஆனால் முகவரியை நேரடியாக உறையில் எழுத வேண்டாம். வெள்ளைத் தாள் துண்டில் எழுதி ஒட்டுங்கள், படிக்க எளிதாக இருக்கும். தபால்தலையின் பசை சொரசொரப்பான பரப்பில் சரியாகப் பிடிக்காது, ஓரங்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பசை தடவுங்கள். மடிக்கும் முன் மழுங்கிய கத்தியின் முதுகால் ஒரு கோடு அழுத்திக்கொண்டால் மடிப்பு நேராக வரும். அச்சின் மேல் மடிப்பு விழ வேண்டாம், டிராகனின் கழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து மடியுங்கள்.